மாடியில் கட்டிய தண்ணீர்

கடைக்காரர்களும் கட்டட மேனேஜர்களும் அவரை ஒழுகல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் "யாரு?" என்று விழிப்பார்கள். ஒழுகல் அக்கா என்றால், "அவங்களா, இப்போ எந்த மாடியில நிக்கறாங்களோ" என்பார்கள். எந்தக் கட்டடத்தில் கூரை ஒழுகினாலும் முதலில் போகிற போன் அவருக்குத்தான்.

கணவருக்கு வெள்ளைக்காரர் என்று பெயர். வெயிலில் நின்று நின்று கரிக்கட்டை நிறத்துக்கு வந்துவிட்ட மனிதர். கடைகள், குடோன்கள், ஆஸ்பத்திரிகள் இவற்றின் மாடிகளுக்கும் தகரக் கூரைகளுக்கும் வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சு அடிப்பது அவர் தொழில். அதனால் வந்த பெயர். மகள் சின்ன வகுப்பில் படித்தபோது அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். "எங்க அப்பா வெள்ளைக்காரர், டீச்சர்" என்று அது எழுந்து நின்று சொல்ல, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். வீட்டுக்கு வந்து அழுதது. அக்கா அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "நல்லவேளை, எங்க அம்மா ஒழுகல்னு சொல்லாம விட்டியே" என்றார்.

அவர்கள் இருவரும் பழகியதே ஓர் ஒழுகலில்தான். அக்கா அப்போது ஒரு பெரிய கடையில் தரை துடைக்கிற வேலையில் இருந்தார். மேல்தளத்தில் ஒரே இடத்தில் தண்ணீர் சொட்டும். மூன்று பேர் வந்து பார்த்துத் தரையைக் கொத்திப் பூசிவிட்டுப் போனார்கள், சொட்டுவது நிற்கவில்லை. நான்காவதாக வந்த வெள்ளைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கையில், வாளியும் துடைப்பமுமாக நின்ற பெண் சொன்னார்: "எல்லா மழைக்கும் ஒழுகல சார். அந்தப் பக்கத்துல இருந்து காத்தோட அடிச்சா மட்டும்தான் ஒழுகுது. தரையை விட்டுட்டு கைப்பிடிச் சுவரைப் பாருங்க."

பார்த்தார். சுவரும் தரையும் சேருகிற இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். அதை அடைத்ததும் நின்றுவிட்டது. அடுத்த வாரம் ஒழுகலே இல்லாத அந்தக் கடைக்கு அவர் இரண்டு முறை வந்தார். மூன்றாவது முறை அக்காவே கேட்டார்: "இப்போ என்ன ஒழுகுதுன்னு வந்தீங்க?"

கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போனார்கள். பூச்சு வேலை என்றால் வாளியில் பெயிண்டைக் கலக்கி ரோலரை உருட்டுவது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். அடிப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் பாசி, பறவை எச்சம், பழைய பூச்சின் உரிந்த தோல் எல்லாவற்றையும் வேகத் தண்ணீரடித்துக் கழுவ வேண்டும். விரிசல்களைப் பிளந்து அடைக்க வேண்டும். மூலைகளில் வலைத்துணி ஒட்ட வேண்டும். அடிப்பூச்சான பிரைமரை அடித்துக் காயவிட வேண்டும். அப்புறம்தான் வெள்ளைப் பூச்சு, நீளவாக்கில் ஒரு கை, குறுக்குவாக்கில் ஒரு கை. அதோடும் முடியாது. வருஷத்துக்கு இரண்டு தடவை போய் வடிகால் வாய்களில் அடைத்துக் கிடக்கும் குப்பையை எடுத்து, ஏசிக்காரர்கள் கழற்றிப் போட்ட ஆணி குத்திய இடங்களைச் சரிபார்த்துவிட்டு வர வேண்டும்.

இதில் கண்டுபிடிக்கிற வேலை முழுவதும் அக்காவுடையது. ஒரு மரக்கட்டையால் தரையைத் தட்டிக்கொண்டே நடப்பார். காதைச் சாய்த்து, "இங்க உள்ளே காலியா இருக்கு" என்று சாக்பீஸால் வட்டம் போடுவார். சந்தேகமான இடங்களில் வேறு வேறு நிறத்தில் சாயத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கீழே போய் அண்ணாந்து பார்ப்பார். நீலம் கசிந்தால் எந்த இடம், சிவப்பு கசிந்தால் எந்த இடம் என்று எழுதி வைத்துக்கொள்ள மாட்டார். எல்லாம் தலையில் இருந்தது.

அந்தத் தலையில்தான் ஏதோ ஆரம்பித்தது.

ஒரு நண்பகல். இரண்டு நாள் முன்பு பூச்சு முடித்த குடோன் மாடி. நாலு பக்கமும் வெள்ளை, கறுப்புக் கண்ணாடி இல்லாமல் கண்ணைத் திறக்க முடியாது. அக்கா நடு மாடியில் நின்றுகொண்டு, "என்னங்க, இறங்கற கதவு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ஒன்பது வருஷமாக ஏறி இறங்குகிற மாடி அது.

வெள்ளைக்காரர் சிரித்துவிட்டார். "மாடியில வழி தொலைச்ச ஒரே ஆள் நீதான்."

அக்காவும் சிரித்தார். ஆனால் இறங்கும்போது கணவரின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். அப்படி அவர் என்றைக்கும் பிடித்ததில்லை.

பிறகு சாய நிறங்கள் குழம்பின. பிரைமர் அடித்த இடத்திலேயே மறுபடியும் பிரைமர் அடித்தார். கையிலிருந்த சாக்பீஸைத் தேடினார். ரோலர் என்ற சொல் வரவில்லை. "அந்த உருள்றது" என்றார். வெள்ளைக்காரர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேலி வைத்திருந்தார். வயசாகிறது, தூக்கம் போதவில்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று தனக்குத்தானே சமாதானமும் வைத்திருந்தார். ஆனால் அக்கா முடித்த வேலையை ஓசைப்படாமல் போய் மறுபடியும் பார்க்க ஆரம்பித்தார். மூடாத டப்பாவை மூடினார். ஓடுகிற மோட்டாரை நிறுத்தினார்.

ஒரு நாள் அக்கா கண்டுகொண்டார். ஒழுகலைக் கண்டுபிடிக்கிறவருக்கு இது தெரியாமலா போகும்?

"நான் செஞ்ச வேலைய எதுக்குங்க திரும்பப் போய்ப் பார்க்கறீங்க?"

"சும்மாத்தான்."

"இத்தனை வருஷத்துல ஒரு நாள் பார்த்திருக்கீங்களா? எனக்கு என்ன ஆச்சுன்னு பார்க்கறீங்க? சொல்லுங்க, எனக்கு என்ன ஆச்சு?"

அவர் ரோலரைக் கழுவப் போய்விட்டார். அக்கா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றபடி அழுதார். "என்னை நம்பாத மாதிரி பின்னாடியே வராதீங்க. அது ஒண்ணுதான் கேக்கறேன்" என்றார். வெள்ளைக்காரர் சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

பதினோரு வருஷமாக அவர்கள் பார்த்துவந்த மூன்று மாடி வணிக வளாகம் ஒன்று இருந்தது. அந்த வருஷம் அதற்குப் புதுப் பூச்சு முறை. விரிசல்களை அடைத்துவிட்டு, வெள்ளை அடிப்பதற்கு முன்னால் மாடியில் தண்ணீர் கட்டினார்கள். கசிவு இருக்கிறதா என்று பார்க்க அதுதான் கடைசி வழி. நான்கு வடிகால் வாய்களையும் துணி சுற்றிய கட்டையால் அடைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மணல் மூட்டையை வைத்து, இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினார்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டார்கள். மறுநாள் பிற்பகல் மேல்தளத்தின் கூரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை.

"நான் போய்த் திறந்து விட்டுட்டு வரேன்" என்றார் அக்கா.

மாடிப்படி அடியில் வாட்ச்மேன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரர் அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டு நின்றார். அக்கா ஏறிப் போய்க் கால் மணி நேரம் கழித்து, சேலை நுனி நனைந்து இறங்கி வந்தார்.

"திறந்தாச்சா?"

"ஆச்சு. நாலும் ஆச்சு."

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரர் படியை ஒரு தடவை பார்த்தார். அக்காவின் முகத்தையும் பார்த்தார். வேலை ஒழுங்காக முடிந்த நாட்களில் இருக்கிற நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. "சரி, வா போலாம்" என்றார்.

இரவெல்லாம் மழை கொட்டியது. விடிந்ததும் வளாகத்தின் மேனேஜர் போன் செய்து கத்தினார். கட்டி வைத்த தண்ணீரோடு மழைத் தண்ணீரும் சேர்ந்து, படிக்கதவின் நிலைப்படியைத் தாண்டி மாடிப்படி வழியாக இறங்கியிருக்கிறது. மேல்தளத்துத் துணிக்கடையின் குடோனில் தரையில் அடுக்கியிருந்த பெட்டிகள் ஊறிக் கிடந்தன. லிஃப்ட் நின்றுவிட்டது. சத்தம் கேட்டு என்னமோ ஏதோ என்று மேலே ஓடிய வாட்ச்மேன் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

வெள்ளைக்காரர் படியேறி மாடிக்குப் போனார். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். முதல் வடிகால் வாய்க்கு நடந்துபோய்க் கையை விட்டுத் துழாவினார். கட்டை அப்படியே இருந்தது. மணல் மூட்டையும் இருந்தது. அதன் மேல் இன்னொரு மூட்டை இருந்தது.

இரண்டாவது வாயிலும் இரண்டு மூட்டை. மூன்றாவதிலும், நான்காவதிலும் அப்படித்தான். புது மூட்டைகளின் வாயைக் கட்டியிருந்த முடிச்சு அக்காவின் முடிச்சு. முந்தின நாள் திறக்கப் போனவர், போன இடத்தில் எதற்கு வந்தோம் என்பது தப்பிப்போய், அடைக்க வந்ததாக நினைத்து, ஓரத்தில் கிடந்த மூட்டைகளைத் தூக்கி வைத்து இறுக்கமாக அடைத்துவிட்டு வந்திருக்கிறார். அவ்வளவு பாரத்தைத் தனியாளாகத் தூக்கியிருக்கிறார். நாலும் ஆச்சு என்றது பொய்யில்லை.

அவர் அந்த நான்கு மூட்டைகளையும் எடுத்துக்கொண்டுபோய் மற்ற மூட்டைகளோடு ஓரத்தில் போட்டார். அப்புறம்தான் கட்டைகளைப் பிடுங்கினார். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. மேனேஜர் மேலே வந்தபோது அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பின்னாலேயே அக்காவும் வந்தார்.

"பதினோரு வருஷம் உங்களை நம்பி விட்டேனே! யார் திறக்கணும் இதை?"

"நான்தான் சார். திறக்கணும்னு நினைச்சுட்டே இருந்தேன். மறந்துட்டேன்."

மேனேஜர் சொன்னதையெல்லாம் அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றதையும் வாங்கிக்கொண்டார். அவருக்குத் தாங்க முடியாமல் போனது பக்கத்தில் கேட்ட குரல்தான்.

"என்னங்க, நிஜமாவா? எப்படிங்க மறந்தீங்க? நாலே நாலு வாய், அதைத் திறக்க மாட்டீங்களா? ஒரு மனுஷன் இடுப்பொடிஞ்சு கிடக்கறாரே!"

அன்று சாயங்காலம் அவர் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வாட்ச்மேன் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டார்: "அண்ணே, மேலே போனது அக்காதானே? என் எதிர்லதானே திறந்தாச்சுன்னு சொன்னாங்க?"

"இல்ல. நான்தான் போகணும். நான்தான் மறந்துட்டேன்."

"நீங்க என்கூடத்தானே நின்னுட்டு இருந்தீங்க?"

வெள்ளைக்காரர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாட்ச்மேன் அவர் முகத்தைப் பார்த்தார்.

"சரிண்ணே. நீங்கதான்" என்றார். பிறகு யார் கேட்டபோதும் அவர் அப்படியே சொன்னார்.

ஒரு கட்டடத்தில் நடந்தது ஊர் முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? போன்கள் குறைந்தன. டாக்டரிடம் அழைத்துப்போனபோது அவர் அக்காவிடம் கடிகாரம் ஒன்றை வரையச் சொன்னார். அக்கா வட்டத்தை அழகாகப் போட்டார். எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் குவித்துவிட்டு, "இந்தப் பக்கம்தான் ஒழுகுது" என்றார். டாக்டர் வெள்ளைக்காரரை மட்டும் தனியே கூப்பிட்டு, இது ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷமாவது இருக்கும், இனிமேல் இறக்கம்தான் என்று சொல்லிவிட்டார்.

மகள் தொலைவில் வேறு ஊரில் நர்ஸாக இருந்தாள். லீவு போட்டு ஓடி வந்தாள். அம்மா அவளையே பெயர் மாற்றிக் கூப்பிட்டதும் உடைந்துபோனாள். சமையலறையில் அப்பாவை மடக்கினாள்.

"அந்தத் தண்ணி விஷயம் நடக்கற வரைக்கும் அம்மா நல்லாத்தானே இருந்தாங்க? அந்த அதிர்ச்சிலதான்பா இப்படி ஆயிட்டாங்க. தினம் அதையேதான் சொல்லிச் சொல்லி அழறாங்க. ஒரு தடவை ஏறிப் பார்க்கறதுக்கு உங்களுக்கு என்ன?"

"ஆமாம்மா" என்றார் அவர்.

மகள் போன பிறகும் வாரா வாரம் போன் செய்வாள். அம்மாவைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

வெள்ளைக்காரர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். காலையில் எழுந்ததும் அக்கா பையைத் தேடுவார். "கிளம்பலையா? இன்னிக்கு எந்த மாடி?" என்பார். "மழை வர மாதிரி இருக்கு, நாளைக்குப் போகலாம்" என்று இவர் சொல்வார். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். மழை என்றதும் அக்காவுக்கு அது ஞாபகம் வந்துவிடும். "நாலு வாயும் திறந்தீங்களா? போன தடவை மறந்த மாதிரி மறக்காதீங்க." எல்லாம் போய்விட்ட பிறகும் அது மட்டும் போகவில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை திட்டு விழும். இவர் ஒவ்வொரு தடவையும், "தப்புத்தான், இனிமே மறக்க மாட்டேன்" என்பார். புதிதாகக் கேட்பது போலவே கேட்டுக்கொள்வார். தலை வாரிவிட்டுக்கொண்டே, சோறு ஊட்டிக்கொண்டே, திட்டு வாங்கினார்.

இரண்டாம் வருஷக் கடைசியில் அக்காவுக்கு அவரையும் அடையாளம் தெரியாமல் போயிற்று. வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசினார். ஒரு நாள் மத்தியானம் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார்:

"நீங்க எந்தக் கட்டடம் தம்பி?"

"பக்கத்துலதாங்க."

"எங்க வீட்டுக்காரரைத் தெரியுமா? வெள்ளைக்காரர்னு சொல்லுவாங்க. கறுப்பா இருப்பார்." இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். "நல்ல மனுஷன். ஒரு தடவை வடிகாலைத் திறக்க மறந்துட்டார். நான் ரொம்பத் திட்டிட்டேன். அதுல இருந்து ஆள் வீட்டுக்கே வரதில்ல. பார்த்தா சொல்றீங்களா? அவ ஒண்ணும் நினைக்கல, வரச் சொன்னான்னு."

வெள்ளைக்காரர் நகவெட்டியைக் கீழே வைத்தார். அந்தக் காலைத் தன் மடியில் அப்படியே பிடித்துக்கொண்டார். "சொல்றேங்க" என்றார்.

அதன் பிறகு அக்கா திட்டவே இல்லை. கணவர் எப்போது வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அவர் வெளியே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, கதவைத் தட்டி, "நான் வந்துட்டேன்" என்று உள்ளே நுழைந்து பார்த்தார். அக்கா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அவர் இன்னும் வரலைங்க, உட்காருங்க" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஐந்தாம் நாள் அக்கா போய்விட்டார்.

சாவுக்கு வந்தவர்களில் கைத்தடி ஊன்றி நடந்துவந்த வாட்ச்மேனும் ஒருவர். எல்லோரும் போன பிறகு மகளிடம் விடைபெறப் போனவர், அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசாததைக் காலையிலிருந்தே கவனித்திருந்தார். "அவர்கிட்ட கோபமா இருக்காதம்மா" என்று ஆரம்பித்து, மாடிப்படி அடியில் தான் பார்த்ததையும் கேட்டதையும் சொல்லிவிட்டார்.

மகள் உள்ளே வந்தாள். அப்பா கட்டில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்பா சொல்லல?"

அவருக்குப் புரிந்துவிட்டது. விரிப்பை மடித்து முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"சொல்லியிருந்தா உங்க அம்மா நம்பியிருப்பாம்மா. அப்போ அவளுக்குப் புரியற அளவுக்கு ஞாபகம் இருந்தது. தன்னால ஒருத்தன் இடுப்பொடிஞ்சதுன்னு தெரிஞ்சா ஒரு நாள் தாங்கியிருக்க மாட்டா. என்னைத் திட்டறது அவளுக்குச் சுலபம். பழக்கம்தானே."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நான் உங்களை என்னவெல்லாம் சொன்னேன்!"

"நீ சொன்னதுல தப்பில்ல." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். நகக்கண்களில் இருந்த வெள்ளை எப்போதோ போயிருந்தது. "வாட்ச்மேனுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. அன்னிக்கு மழை வரப்போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சது. போய் ஒரு தடவை பார்த்துட்டு வரலாமான்னு படியைப் பார்த்தேன். அவ முகம் அவ்வளவு சந்தோஷமா இருந்தது. சந்தேகப்பட்டா நொந்துடுவான்னு ஏறல. அவ மறந்து செஞ்சா. நான் தெரிஞ்சே விட்டேன். அப்போ யார் தப்பு?"

மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார், அக்கா போன பிறகு அதுதான் முதல் தடவை.

பத்து நாள் இருந்துவிட்டு அவள் ஊருக்குத் திரும்பினாள். தன்னோடு வந்துவிடச் சொல்லிக் கேட்டதற்கு அவர் பிடிகொடுக்கவில்லை. இப்போது சின்னச் சின்னக் கடைகளின் தகரக் கூரைக்கு வெள்ளை அடிக்கப் போகிறார். விரிசல் தேட மட்டும் வேறு ஒருவரை வரவழைக்கிறார். தனக்கு அது வராது என்கிறார். மகள் தினமும் சாயங்காலம் போன் செய்து, சாப்பிட்டீர்களா என்று முதலில் கேட்கிறாள். சாப்பிடாத நாட்களிலும் அவர், "ஆச்சும்மா" என்கிறார்.